சூட்டுக்கு ஒரு வடிகால்

குண்டு பல்பு எரிந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு 100 வாட் என்றால் என்ன என்று விரல் நுனிக்கே தெரியும். எரிந்துகொண்டிருந்த பல்பைத் துணி சுற்றாமல் கழற்றப் போய்ச் சுட்டுக்கொள்ளாதவர்கள் குறைவு. அந்தச் சூடு வெளியேறுவதற்குக் கொய்யாப்பழம் அளவுக்கு ஒரு கண்ணாடிக் குமிழ் இருந்தது. அதன் பரப்பு நூறு சதுர சென்டிமீட்டருக்கும் மேல். இன்று கேமிங் மடிக்கணினி ஒன்றைத் திறந்து பார்த்தால், அதே 100 வாட் சூடு கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு சிலிக்கான் துண்டிலிருந்து கிளம்புகிறது. பரப்பு ஏறக்குறைய இரண்டு சதுர சென்டிமீட்டர்தான். பக்கத்திலேயே கிராபிக்ஸ் சிப் இன்னொரு 100 அல்லது 150 வாட்டை உமிழ்கிறது. இரண்டும் குடியிருக்கும் பெட்டியின் கனமோ ஒரு விரற்கடைக்குக் கொஞ்சம் அதிகம்.

விளையாட்டு தொடங்கிப் பத்து நிமிடத்தில் விசிறிகள் இரையத் தொடங்குகின்றன. விசைப்பலகையின் நடுப்பகுதியில் விரல் வைக்க முடிவதில்லை. சிப்பின் வெப்பநிலை 100 டிகிரியைத் தொட்டதும், இதுவரை வழுக்கிக்கொண்டு ஓடிய படம் திக்கித் திணறுகிறது. கணினி பழுதாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. வரம்பைத் தொட்டவுடன் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

இந்த இடத்தில் சிலர் திருப்புளியைக் கையில் எடுக்கிறார்கள். மெல்லிய செம்புக்குழாய் ஒன்றை வளைத்து, தட்டி, சிப்பின் மேலுள்ள உலோகத்தோடு பற்றவைக்கிறார்கள். அதன் வழியே நீரை ஓடவிட்டு, மடிக்கணினிக்கு வெளியே மேசைமேல் நிற்கும் ரேடியேட்டருக்குக் கொண்டுபோகிறார்கள். பார்ப்பவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தோன்றலாம். எனக்கு, வெப்ப இயற்பியலின் பாதிப் பாடத்தையும் ஒரே மேசையில் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ளக்கூடிய அருமையான கைவேலையாகத் தோன்றுகிறது. அதை ஒவ்வொரு கட்டமாகப் பார்ப்போம்.

உள்ளே போனதெல்லாம் சூடாகத்தான் வெளியே வரும்

மின்மோட்டார் சுற்றுகிறது, பல்பு ஒளி தருகிறது. கணினிச் சிப் என்ன தருகிறது? விடைகளைத் தருகிறது. ஆனால் விடைக்கு எடை இல்லை, அசைவு இல்லை. ஆகவே சிப்புக்குள் போகும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளிவருகிறது. 100 வாட் மின்சாரம் உண்ணும் சிப், 100 வாட் அடுப்பும்தான்.

சிப்புக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நிலை மாறும்போது மிக நுண்ணிய மின்னேற்றம் நிரம்பி வடிகிறது. வடியும்போதெல்லாம் கொஞ்சம் சூடு. இது வினாடிக்கு நூற்றுக்கணக்கான கோடி முறை நடக்கிறது. வேகத்தைக் கூட்டினால் சூடு கூடும். வேகத்தைக் கூட்டுவதற்காக மின்னழுத்தத்தையும் கூட்டினால், சூடு மின்னழுத்தத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும்.

ஒரு காலத்தில் இந்தக் கவலை இருக்கவில்லை. ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் அவரது குழுவினரும் 1974-ல் ஒரு நல்ல செய்தியைச் சொன்னார்கள். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால், ஒரே பரப்பில் அதிக டிரான்சிஸ்டர்களை அடைத்தாலும் சூடு கூடாது என்பதே அது. முப்பது ஆண்டுகள் கணினித் தொழில் இந்த விதியின் நிழலில் வளர்ந்தது. பிறகு டிரான்சிஸ்டர்கள் மூடிய நிலையிலும் மின்சாரம் கசியும் அளவுக்குச் சிறுத்துப்போயின. மின்னழுத்தத்தை மேற்கொண்டு குறைக்க முடியவில்லை. 2004-ல் இன்டெல் நிறுவனம் தேஜஸ் என்று பெயரிட்டு உருவாக்கிக்கொண்டிருந்த அதிவேகச் செயலியைக் கைவிட்டுவிட்டு, ஒரே சிப்பில் கணக்கிடும் மையங்கள் பலவற்றை வைக்கும் வழிக்குத் திரும்பியது. அன்று முதல் கணினியின் வேகத்துக்கு எல்லை வகுப்பதில் சூட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

சூட்டை அழிக்க முடியாது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகலாம், அவ்வளவுதான். குளிரூட்டும் கருவி எதுவாக இருந்தாலும் அதன் வேலை சுமைகூலி வேலை. அந்தச் சுமை எத்தனை கை மாறுகிறது, எந்தக் கை தளர்கிறது என்று பார்ப்பதுதான் இந்தக் கலையின் சாரம்.

ஏற்கெனவே உள்ளே இருக்கும் நீர்

பழுதாகிப்போன மடிக்கணினி ஒன்றின் வெப்பக்குழாயை ஒருமுறை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தேன். செயலியின் மேலிருந்து விசிறியின் ஓரம் வரை தட்டையாக ஓடுமே, அந்தச் செம்புப்பட்டைதான் வெப்பக்குழாய், கடைக்காரர்கள் சொல்லும் ஹீட் பைப். திடமான செம்பு என்றுதான் வெளியிலிருந்து தோன்றும். அறுத்தால் உள்ளே வெற்றிடம். ஒரு சொட்டுகூடக் கீழே விழவில்லை. உட்சுவரில் மட்டும் செம்புத்தூள் ஒட்டிச் சுட்டெடுத்ததுபோல் ஒரு சொரசொரப்பு. விரலால் தடவினால் லேசான ஈரம்.

அந்த ஈரம்தான் இயந்திரம். குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, மிகக் கொஞ்சம் நீரை மட்டும் விட்டு மூடியிருக்கிறார்கள். காற்றழுத்தம் இல்லாத இடத்தில் நீர் கொதிப்பதற்கு 100 டிகிரி தேவையில்லை. சிப் இருக்கும் முனையில் 50 டிகிரியிலேயே ஆவியாகிறது. ஆவி நொடிப்பொழுதில் குளிர்ந்த முனைக்குப் பாய்ந்து, அங்கே மீண்டும் நீராகி, தான் வாங்கிவந்த சூட்டை இறக்கி வைக்கிறது. பிறகு அகல்விளக்கின் திரி எண்ணெயை இழுப்பதுபோல், சுவரிலுள்ள செம்புத்தூள் படலம் நீரைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டு வருகிறது. பம்ப் இல்லை, அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை.

நீரை ஆவியாக்குவதற்கு எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று நம் மண்பானைக்குத் தெரியும். சுவர் வழியே கசியும் கொஞ்சம் நீர் ஆவியாகிப் போவதால்தான் பானை முழுவதும் சில்லென்று இருக்கிறது. கணக்குப் போட்டால் வியப்பாக இருக்கும். 50 டிகிரி வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,380 ஜூல் வேண்டும். 100 வாட் என்பது வினாடிக்கு 100 ஜூல். அப்படியானால் வினாடிக்கு ஒரு கிராமில் இருபத்து நான்கில் ஒரு பங்கு நீர் ஆவியானால் போதும். அது ஒரு சொட்டைவிடக் குறைவு. கட்டைவிரல் நக அளவிலான அந்த அடுப்பின் முழுச் சூட்டையும், வினாடிக்கு ஒரு சொட்டுக்கும் குறைவான நீர் ஓசையின்றிச் சுமந்துகொண்டிருக்கிறது.

இந்தக் கருத்துக்கு 1944-லேயே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ரிச்சர்டு காக்லர் காப்புரிமை பெற்றிருந்தார். அப்போது அதைக் கவனிப்பாரில்லை. 1963-ல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் அதைத் தனியாகக் கண்டுபிடித்து, ஹீட் பைப் என்ற பெயரையும் சூட்டினார். விண்கலங்களுக்காக வளர்ந்த இந்தத் தொழில்நுட்பம் இன்று நம் மடியில் உட்கார்ந்திருக்கிறது.

ஆக, நீர்க்குளிர்ச்சி இல்லாத மடிக்கணினி என்று நாம் நினைப்பதற்குள்ளேயே நீர் வேலை செய்கிறது. அப்படியிருந்தும் சூடு ஏன் தேங்குகிறது? குழாயின் மறுமுனையைப் பாருங்கள். அங்கே மெல்லிய செம்புத் தகடுகள் சீப்புப் பற்கள்போல் நெருக்கமாக நிற்கின்றன. அவற்றின் ஊடே சிறு விசிறி காற்றை ஊதுகிறது. குழாய் கொண்டுவந்து இறக்கும் சுமையைக் காற்றின் கையில் ஒப்படைக்கும் அந்த இடத்தில்தான் நெரிசல்.

காற்றின் கை, நீரின் கை

ஒரு லிட்டர் காற்றின் வெப்பநிலையை ஒரு டிகிரி ஏற்ற 1.2 ஜூல் போதும். ஒரு லிட்டர் நீருக்கு ஏறக்குறைய 4,180 ஜூல் வேண்டும். அதாவது, ஒரே கொள்ளளவில் நீர் காற்றைவிட மூவாயிரத்து ஐந்நூறு மடங்கு அதிக வெப்பத்தைத் தூக்கிச் செல்லும்.

150 வாட் சூட்டை எடுத்துக்கொள்வோம். மடிக்கணினிக்குள் நுழையும் காற்று 20 டிகிரி சூடேறி வெளியேறுகிறது என்றால், வினாடிக்கு ஆறு லிட்டர் காற்று பாய வேண்டும். மூன்று வினாடிக்கு ஒரு குடம் காற்று, ஒரு மில்லிமீட்டர் இடைவெளிகளின் வழியே! விசிறி நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்று சுற்றுவதும், வீடே கேட்க இரைவதும் இதனால்தான். அதே 150 வாட்டை நீரிடம் கொடுத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் நீர் சலசலப்பின்றி ஓடினால், உள்ளே போகும்போது இருந்ததைவிட வெளியே வரும்போது இரண்டு டிகிரிதான் கூடியிருக்கும்.

கடைசியில் நீரும் தன் சுமையைக் காற்றிடம்தான் இறக்க வேண்டும். ஆனால் இறக்கும் இடத்தை இப்போது நாம் தேர்ந்தெடுக்கலாம். மடிக்கணினியின் ஓரத்திலுள்ள விரல் தடிமன் துளைகளை நம்பியிருக்க வேண்டியதில்லை. மேசைமேல், 120 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டைத் தாங்கும் ரேடியேட்டரை நிறுத்தலாம். பரப்பு பல மடங்கு கூடுகிறது. பெரிய விசிறி நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று மெதுவாகச் சுற்றினாலும் வேண்டிய காற்று கிடைத்துவிடுகிறது. தேங்கி நின்ற வெள்ளத்துக்கு ஊருக்கு வெளியே வடிகால் வெட்டிவிட்டதுபோல்.

நிறுவனங்களும் இதைச் செய்து பார்த்திருக்கின்றன. ஹிட்டாச்சி 2002-ல் திரைக்குப் பின்னால் நீரை ஓடவிட்ட ஒரு மடிக்கணினியைக் கொண்டுவந்தது. 2015-ல் ஆசுஸ் காட்டிய ஜிஎக்ஸ்700 மடிக்கணினி, பின்புறம் ஒரு பெரிய குளிரூட்டும் பெட்டியோடு இணைந்துகொள்ளும். ஜெர்மனியின் எக்ஸ்எம்ஜி நிறுவனம் 2022-ல் ஓயாசிஸ் என்ற தனிப் பெட்டியை விற்பனைக்கு விட்டது. பம்ப், தொட்டி, ரேடியேட்டர் மூன்றும் அந்தப் பெட்டியில் இருக்கின்றன. மடிக்கணினிக்குள் ஒரு தட்டையான நீர்க்குழாய் வெப்பக்குழாய்களோடு சேர்ந்து ஓடுகிறது. பெட்டியைக் கழற்றிவிட்டால், வழக்கமான விசிறிகளோடு சாதாரண மடிக்கணினியாக அதை எடுத்துக்கொண்டு போகலாம். கைவினைஞர்கள் வீட்டில் செய்வதும் இதே வடிவம்தான்.

செம்பு இளகும் நேரம்

வேலையின் உயிர்நாடி, செம்புக்குழாயை வெப்பக்குழாயோடு ஒட்டவைக்கும் கட்டம். ஆறு மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய் போதும். ஆனால் மடிக்கணினியின் அடிமூடிக்கும் வெப்பக்குழாய்க்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர் இடம் கிடைத்தாலே பெரிய விஷயம். ஆகவே குழாயைத் தட்டையாக்க வேண்டும், வளைக்கவும் வேண்டும்.

முறுக்கேறிய செம்பு வளைக்கும்போது மடிந்துபோகும். அதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் இளகிவிடும். கத்திக்கான எஃகை அப்படிச் செய்தால் இறுகும். செம்பு அதற்கு நேரெதிர். பாத்திரம் அடிக்கும் கன்னார்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விஷயம் இது. தட்டத் தட்ட இறுகும் செம்பை, நடுநடுவே காய்ச்சி இளக்கிக்கொண்டே குடமாக்குவார்கள். இளகிய குழாய்க்குள் காய்ந்த பொடிமணலை இறுக நிரப்பி இரு முனையையும் அடைத்துவிட்டு வளைத்தால், வளைவில் குழாய் நசுங்காது. பிறகு மணலைக் கொட்டி, ஒரு துகள்கூட மிச்சமில்லாமல் கழுவி, வைஸில் வைத்து மெல்ல அழுத்தித் தட்டையாக்க வேண்டும்.

தட்டையாக்குவதில் இன்னொரு நன்மையும் உண்டு. உருண்டைக் குழாய் வெப்பக்குழாயை ஒரு கோட்டில்தான் தொடும், தட்டைக் குழாய் அகலமாகத் தொடும். உள்ளே நீரின் படலமும் மெல்லியதாகிறது. குழாயின் சுவரை ஒட்டி ஓடும் நீர் எப்போதும் சோம்பேறி. சுவரருகே ஏறத்தாழ அசையாமல் நிற்கும் அந்த அடுக்கைக் கடந்துதான் சூடு நடுநீருக்குப் போக வேண்டும். வழி குறுகினால் அந்த அடுக்கும் மெலியும். 1981-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் டக்கர்மனும் ஃபேபியன் பீஸும் இதையே உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். சிலிக்கானிலேயே தலைமயிர் அகலத்துக்கு நுண்வாய்க்கால்களை வெட்டி நீரை விட்டார்கள். ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து 790 வாட் சூட்டை வெளியேற்ற முடிந்தது. நம் மடிக்கணினிச் சிப்பின் சூடு அதே பரப்பில் ஏறக்குறைய 50 வாட்தான்.

இனிப் பற்றவைக்க வேண்டும். பொற்கொல்லர் பற்றாசு வைப்பது என்பார்கள், மின்பணியாளர் ஈயம் வைப்பது என்பார்கள். எந்தப் பற்றாசு என்ற கேள்வியில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. வெப்பக்குழாய்க்குள் நீர் இருக்கிறது, அது மூடிய பாத்திரம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். பற்றவைக்கச் சூடாக்கினால் அது பிரஷர் குக்கர் ஆகிவிடும். வெயிட் தூக்கும்போது நம் சமையலறைக் குக்கரின் உள்ளழுத்தம் ஏறக்குறைய இரண்டு வளிமண்டலம். வெள்ளீயமும் காரீயமும் கலந்த பழைய பற்றாசு 183 டிகிரியில் உருகும். அந்த வெப்பநிலையில் குழாய்க்குள் நீராவியின் அழுத்தம் ஏறக்குறைய பதினொரு வளிமண்டலம். காரீயம் இல்லாத இன்றைய பற்றாசு உருகும் 217 டிகிரியில் அது இருபத்திரண்டைத் தொடும். தாள்போல் மெல்லிய தட்டைச் செம்புச் சுவர் அதைத் தாங்காமல் உப்பிவிடும். உப்பிய குழாய் சிப்பின்மேல் சமமாக உட்காராது. விரிசல் விட்டால் வெற்றிடம் போய்விடும், அதன்பின் அது வெறும் செம்புத் தகடு. வெடித்தால் கண்ணுக்கும் கைக்கும் கேடு.

இதற்கு விடை பிஸ்மத் என்ற உலோகம். வெள்ளீயம் 42 பங்கும் பிஸ்மத் 58 பங்கும் கலந்த பற்றாசு 138 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. அப்போது உள்ளழுத்தம் மூன்றரை வளிமண்டலத்துக்குள் அடங்கும். சிப் 100 டிகிரி வரம்பைத் தாண்டுவதில்லை என்பதால், பின்னால் வேலை செய்யும்போது இந்தப் பற்றாசு உருகிவிடும் என்ற பயமும் இல்லை. 100-க்கும் 183-க்கும் நடுவே இயற்கை விட்டுவைத்திருக்கும் ஒரு சன்னல் வழியே இந்தக் கைவேலை நுழைகிறது. இந்த வேலை முழுவதையும், வெப்பக்குழாய்த் தொகுதியை மதர்போர்டிலிருந்து கழற்றித் தனியே எடுத்துவைத்துத்தான் செய்ய வேண்டும். சூடு சீராக ஏறும்படி மெதுவாக, கண்ணாடி அணிந்துகொண்டு, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத இடைவெளி

குழாய் தயார். அதைத் திரும்ப சிப்பின் மேல் உட்கார வைக்கும்போது, மிகக் குறைந்த தூரத்தில் மிகப் பெரிய தடை காத்திருக்கிறது. சிப்பின் முகமும் செம்பின் முகமும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், நுண்ணோக்கியில் இரண்டும் மேடுபள்ளம். இரண்டையும் அழுத்தினால் மேடுகள் மட்டுமே தொட்டுக்கொள்ளும். பள்ளங்களில் காற்று சிறைபடும். செம்பு வெப்பத்தைக் கடத்தும் திறன் காற்றின் திறனைப்போல் பதினைந்தாயிரம் மடங்கு. ஆகவே மயிரிழைக் காற்றுகூடச் சூட்டுக்கு மதில்சுவர்தான்.

அந்தப் பள்ளங்களை நிரப்பத்தான் தெர்மல் பேஸ்ட். அது செம்பைவிட மட்டமான கடத்தி. ஆனால் காற்றைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மேல். அதனால் பள்ளம் நிரம்பும் அளவுக்குப் பூசினால் போதும். தடிமனாக அப்பினால் அதுவே தடையாகிவிடும். 1980-ல் ஐபிஎம் அறிவித்த 3081 பெருங்கணினியின் பொறியாளர்களும் இதே இடைவெளியோடுதான் போராடினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட சிப்புகள் இருந்த ஒரு தொகுதியில், ஒவ்வொரு சிப்பின் தலையிலும் வில்விசையோடு ஓர் உலோக உருளையை அழுத்தி, நடுவிலிருந்த இடைவெளிகளில் காற்றுக்குப் பதில் ஹீலியம் வாயுவை நிரப்பினார்கள். ஹீலியம் காற்றைப்போல் ஆறு மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். அந்தச் சூட்டை வாங்கிச் சென்றது நீர்.

இன்று துணிந்தவர்கள் திரவ உலோகத்தைப் பூசுகிறார்கள். காலியம் கலந்த உலோகக் கலவை அது. காலியம் 30 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே உருகிவிடும், உள்ளங்கைச் சூடு போதும். இப்படி ஒரு தனிமம் இருக்கவேண்டும் என்று மெண்டலீவ் 1871-ல் முன்கூட்டியே சொன்னார். நான்கே ஆண்டில் அது பிரான்சில் கண்டுபிடிக்கப்பட்டது. 2020-ல் வந்த பிளேஸ்டேஷன் 5 கருவியிலும் திரவ உலோகம்தான் இருக்கிறது. பேஸ்ட்டைவிட நன்றாகக் கடத்தும், ஆனால் மின்சாரத்தையும் கடத்தும். ஒரு துளி சிதறினால் மதர்போர்டு போய்விடும். அலுமினியத்தில் பட்டாலோ, அதன் படிகங்களுக்கு நடுவே புகுந்து நொறுங்கும் சுண்ணாம்புபோல் ஆக்கிவிடும். முதல்முறை செய்பவர்களுக்கு இது வேண்டாம் என்பதே என் உறுதியான எண்ணம்.

நீர் கேட்கும் ஒழுக்கம்

நீர்ச்சுற்றுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. முதலாவது, உலோகம். செம்புக்குழாயும் அலுமினிய ரேடியேட்டரும் ஒரே நீரில் இணைந்தால் அது மின்கலம் ஆகிவிடும். அலுமினியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, அந்தக் கசடு குறுகிய குழாயை அடைத்துவிடும். ரேடியேட்டர் வாங்கும்போது உள்ளே ஓடும் குழாய்கள் செம்பா, பித்தளையா, அலுமினியமா என்று கேட்டு வாங்க வேண்டும். செம்பும் பித்தளையும் ஒத்துப்போகும்.

இரண்டாவது, நீர். போர்வெல் நீரை ஊற்றினால் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவதுபோல் உப்பு படியும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரே நல்லது. பாசி பிடிக்காமலிருக்க, இதற்கென்றே விற்கும் மருந்தைச் சேர்க்க வேண்டும். தூய நீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது என்பது உண்மைதான். ஆனால் சுற்றில் சில நாள் ஓடியதும் உலோகத்தைத் தொட்டுத் தொட்டு அயனிகளைச் சேர்த்துக்கொள்ளும். கசிந்தால் ஒன்றும் ஆகாது என்று அதை நம்பக் கூடாது.

மூன்றாவது, பொறுமை. பம்ப் எப்போதும் தொட்டிக்குக் கீழே இருக்க வேண்டும். நீரில்லாமல் ஓடினால் அதன் தாங்கி தேய்ந்துவிடும். சுற்று முழுவதையும் மடிக்கணினியில் பொருத்தாமல் தனியாக ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே மெல்லிய டிஷ்யூ தாளைப் பரப்பி, ஒரு முழு நாள் பார்க்க வேண்டும். தாளில் ஒரு புள்ளி ஈரம் தெரிந்தாலும் அந்த இணைப்பைப் பிரித்து, ஓ ரிங்கை மாற்றி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மடிக்கணினிக்குள் இணைப்பே இல்லாமல் ஒரே குழாயாக ஓடவிட்டு, இணைப்புகள் அனைத்தையும் வெளியே வைப்பது நல்ல வடிவமைப்பு. கழற்றியவுடன் இரு பக்கமும் தானே மூடிக்கொள்ளும் இணைப்பிகள் கிடைக்கின்றன. அவற்றில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். மடிக்கணினியின் அடிமூடியை எப்போது திறந்தாலும் முதல் வேலையாக பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

வெந்நீரால் குளிர்வித்தல்

நீரில் பனிக்கட்டி போட்டால் இன்னும் குளிருமே என்று கேட்பவர்கள் உண்டு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் சென்னையின் காற்றில் எப்படி வேர்க்கிறது என்று பாருங்கள். அறையைவிட மிகக் குளிர்ந்த குழாய் மடிக்கணினிக்குள் ஓடினால், அதுவும் அப்படித்தான் வேர்க்கும், மதர்போர்டின்மேல் சொட்டும். ரேடியேட்டரில் ஆறும் நீர் அறையின் வெப்பநிலைக்குக் கீழே இறங்கவே முடியாது. அது ஒரு குறையல்ல, பெரிய பாதுகாப்பு.

அப்படியானால் மே மாதம் அறையே 38 டிகிரி இருக்கும்போது, நீர் நாற்பதைத் தாண்டிவிடுமே, அந்த வெந்நீர் எதைக் குளிர்விக்கும்? சிப் 95 டிகிரியில் இருக்கிறது. அதன் கண்ணுக்கு 45 டிகிரி நீர் குளிர்ந்த நீர்தான். சூடு பாய்வதற்கு வேண்டியது வெப்பநிலை வேறுபாடு மட்டுமே. ஐபிஎம் நிறுவனமும் சூரிச்சில் உள்ள ஈடிஎச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2010-ல் அக்குவாசார் என்ற கணினியை இந்த எண்ணத்தின்மீதே அமைத்தன. 60 டிகிரி வரை சூடான நீரை உள்ளே அனுப்பிச் சிப்புகளைக் குளிர்வித்தார்கள். அதைவிடச் சூடாகத் திரும்பிய நீரைக் கொண்டு பல்கலைக்கழகக் கட்டடங்களுக்குக் குளிர்கால வெப்பம் கொடுத்தார்கள். கணக்குப் போட்ட சூடு அறையைக் கதகதப்பாக்கியது.

பெருங்கணினிகளில் திரவக் குளிர்ச்சி வந்து, போய், திரும்பி வந்திருக்கிறது. 1985-ல் வந்த க்ரே-2 கணினியின் மின்சுற்றுகள் மின்கடத்தாத திரவமொன்றில் மூழ்கியே கிடந்தன. பிறகு குறைந்த மின்சாரம் உண்ணும் சிப்புகள் வந்ததும் எல்லாரும் விசிறிக்குத் திரும்பினார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கணினிகள் மறுபடி நீரைத் தேடுகின்றன. 1946-ல் ஒரு பெரிய கூடத்தையே நிறைத்த எனியாக் கணினி 150 கிலோவாட் மின்சாரம் உண்டது. இன்று என்விடியாவின் 72 சிப்புகள் கொண்ட ஒரே ஓர் அலமாரி ஏறக்குறைய 120 கிலோவாட் உண்கிறது. அதைக் காற்றால் சமாளிக்க முடியாது என்பதால் நீரோடுதான் அது பிறக்கிறது. மேசைமேல் மூன்று மில்லிமீட்டர் செம்புக்குழாயோடு போராடும் இளைஞரும் அந்த அலமாரியின் பொறியாளரும் எதிர்கொள்வது ஒரே கேள்வியைத்தான்: சுமை எந்தக் கையில் தேங்குகிறது?

இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு என் வார்த்தை இதுதான். முதலில் தகடுகளில் அடைந்திருக்கும் தூசியை எடுங்கள். உலர்ந்த பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பூசுங்கள். மடிக்கணினியின் பின்பக்கத்தை இரண்டு விரற்கடை உயர்த்தி வைத்துப் பாருங்கள். பலருக்கு இதுவே போதும். நீர் எதையும் புதிதாக உருவாக்கித் தராது. தயாரிப்பாளர் சிப்புக்கு 100 வாட் என்று உச்சவரம்பு வைத்திருந்தால், நீர்ச்சுற்றுக்குப் பிறகும் அதே 100 வாட்தான். சூட்டினால் இழந்த வேகம் திரும்பக் கிடைக்கும், விசிறியின் இரைச்சல் அடங்கும். அதற்கு ஈடாக வாரண்டி போகும், நிறைய மாலைப்பொழுதுகளும் போகும்.

அதன் பின்னும் செய்தே தீர வேண்டும் என்று கை பரபரத்தால், உங்கள் மடிக்கணினிக்கு உரிய வெப்பக்குழாய்த் தொகுதி ஒன்றைத் தனியாக வாங்கி, அதில் முதலில் பழகுங்கள். அசலைத் தொடாமல் பத்திரமாக வையுங்கள். தொடங்குவதற்கு முன் ஒருமுறையும் முடித்த பின் ஒருமுறையும், ஒரே அறையில், ஒரே விளையாட்டை அரை மணி நேரம் ஓடவிட்டு வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அளந்து பார்த்தால்தான் எந்த மாற்றம் எவ்வளவு பலன் தந்தது என்று தெரியும்.